இடுப்பளவு உயரத்தில் ஓர் இருக்கை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் தாமஸ் என்று ஓர் ஊர். அங்கிருந்த ஃபோர்டு ஆலையிலிருந்து 2011 செப்டம்பர் 15 அன்று கடைசி கிரவுன் விக்டோரியா கார் வெளியே வந்தது. அதன் உடன்பிறப்புகளான மெர்குரி கிராண்ட் மார்க்குவிஸும் லிங்கன் டவுன் காரும் அதே ஆண்டில் அதற்கு முன்பே நின்றுபோயிருந்தன. மூன்றுக்கும் அடிச்சட்டம் ஒன்றுதான், 1970-களின் கடைசியில் போட்டது. எட்டு சிலிண்டர் இன்ஜின், கிட்டத்தட்ட 1,900 கிலோ எடை, 5.4 மீட்டர் நீளம். நம் ஊர் ஆல்ட்டோவின் நீளத்தோடு இன்னும் இரண்டு மீட்டர் சேர்த்தால்தான் அந்த அளவு வரும். கிரவுன் விக்டோரியாவைப் போலீஸ்காரர்களும் டாக்ஸிக்காரர்களும் ஓட்டினார்கள். டவுன் காரில் ஒரு பங்கு வாடகை வண்டியாக ஓடியது. மீதியையும் கிராண்ட் மார்க்குவிஸையும் பெரும்பாலும் வாங்கியவர்கள் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். பியூக் லெசேபர் என்ற இன்னொரு பெரிய காரின் கதையும் இதேதான். வயதானவர்கள் குடியேறி வாழும் ஃப்ளோரிடா மாநிலத்தில் எந்தக் கடைவாசலிலும் இந்தக் கார்கள் வரிசைகட்டி நின்றன. 'தாத்தா கார்' என்ற பட்டப்பெயர் கம்பெனிகளுக்குக் கசந்தது. இது உங்கள் அப்பா ஓட்டிய கார் அல்ல என்று ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி 1988-ல் பெரிய அளவில் விளம்பரம் செய்தது. 2004-ல் அந்தப் பெயரே இல்லாமல் போனது.

வயதானவர்கள் ஏன் இப்படிப்பட்ட காரைத் தேடிப் போகிறார்கள் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் இரண்டு. பழக்கதோஷம், பகட்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இந்தப் பதிலோடு நின்றுவிடுவது முதியவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம். அவர்களுடைய தேர்வில் உடம்பின் கணக்கு ஒன்று இருக்கிறது, அது துல்லியமான கணக்கு. அவர்கள் தேடியது சுலபமாக ஏறி இறங்கும் வசதி, குலுங்காத ஓட்டம், அமைதி, பாதுகாப்பு. அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த நான்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, பெரிய காரோடு சேர்த்தே விற்றார்கள். பொட்டலம் பெரிதாக இருந்ததால், வாங்கியவர்களுக்குப் பெரிய பொட்டலத்தின்மேல் ஆசை என்று உலகம் முடிவுகட்டியது.

பழக்கம் என்று சொல்வதையே எடுத்துப் பார்ப்போம். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கியர், பெருவாரி உற்பத்தியாக முதலில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் வந்தது. ஏசி அதே 1940-ல் பாக்கார்ட் என்ற ஆடம்பரக் காரில் வந்தது. கையால் மல்லுக்கட்டாமல் திருப்ப உதவும் பவர் ஸ்டியரிங், 1951-ல் கிரைஸ்லர் இம்பீரியலில். காலை அழுத்திக்கொண்டே இருக்காமல் வேகத்தை நிலையாக வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் 1958-ல் அதே இம்பீரியலில்தான் வந்தது. அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறு வயதிலேயே பார்வை இழந்தவர். தம்மால் ஓட்டவே முடியாத ஒரு வண்டியின் ஓட்டத்தை அவர் சீராக்கினார் என்பது நினைக்க நினைக்க நெகிழ வைக்கும் செய்தி. கை, கால், முதுகு ஆகியவற்றின் பாரத்தைக் குறைத்த ஏற்பாடுகள் எல்லாம் இப்படிப் பெரிய கார்களில்தான் முதலில் நுழைந்தன. சின்னக் கார்களுக்கு அவை இறங்கி வரப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே அந்தத் தலைமுறை பழகியது வெறும் நீளத்துக்கு அல்ல. பெரிய கார் என்றால் உடம்பு நோகாது என்று தங்கள் வாழ்நாள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

இனி காரின் கதவருகே வருவோம். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், முழங்காலில் தேய்மானம் உள்ளவர், தாழ்வான ஒரு சின்னக் காரில் ஏறுவதை நிதானமாகப் பாருங்கள். கதவைத் திறந்து பிடித்துக்கொள்கிறார். பக்கத்து வண்டி நெருக்கி நிற்பதால் கதவு பாதிதான் திறக்கிறது. ஒரு காலை உள்ளே வைத்து, உடம்பின் முழு எடையையும் வெளியே ஊன்றிய மற்றொரு காலில் தாங்கிக்கொண்டு, மெல்ல இறங்க வேண்டும். சீட்டு முழங்காலுக்கும் கீழே இருக்கிறது. பாதி தூரம் தொடைத் தசை தாங்குகிறது. அதற்குமேல் முடியாமல் பொத்தென்று விழுகிறார். அதே நேரம் கூரை விளிம்பில் தலை இடிக்காமல் கழுத்தை வளைக்க வேண்டும். கடைசியில் வெளியே நிற்கும் காலைக் கையால் தூக்கி உள்ளே இழுத்துக்கொள்கிறார். இறங்குவது இதைவிடக் கஷ்டம். இருக்கை முழங்காலுக்குக் கீழே போகப் போக, எழுந்திருக்கும்போது முழங்காலும் இடுப்பும் சுமக்க வேண்டிய பாரம் கூடிக்கொண்டே போகிறது. தரையில் உட்கார்ந்து எழுவதற்கும் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான், வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிராண்ட் மார்க்குவிஸ் போன்ற காரில் கதவு அகலம், கூரை விளிம்பு உயரம். சீட்டு தட்டையான சோபா மாதிரி, ஓரங்களில் மேடு கிடையாது. முதுகைத் திருப்பி அப்படியே உட்கார்ந்துவிட்டுப் பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொள்ளலாம். முன்சீட்டு ஒரே பெஞ்சாக இருக்கும், கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. தெருப்பக்கம் வண்டிகள் விரைந்தால் நடைபாதைப் பக்கமாக நகர்ந்து அந்தக் கதவு வழியாக இறங்கிவிடலாம்.

ஏறி உட்கார்ந்தாயிற்று, வண்டி ஓடுகிறது. சாலையில் ஒரு மேடு. முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, அதே மேட்டில் பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், சக்கரங்களுக்கு இடையே மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால், இந்த இடைவெளி நொடியில் பத்தில் ஒரு பங்கு. முன்புறம் எழும்பும்போது பின்புறம் தாழ்ந்து, பின்புறம் எழும்போது முன்புறம் அமிழ்ந்தால் கார் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும், உள்ளே இருப்பவரின் தலையும் கூடவே ஆடும். 1930-களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸில் மொரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை ஆராய்ந்தார். ஒரு காரின் முன்னும் பின்னும் எடைகளைத் தொங்கவிட்டு, அவற்றை மாற்றி மாற்றி வைத்து, உட்கார்ந்திருப்பவருக்கு எப்போது சுகமாக இருக்கிறது என்று சோதித்தார். முன் ஸ்பிரிங்கை மென்மையாகவும் பின் ஸ்பிரிங்கை அதைவிடச் சற்று விறைப்பாகவும் வைத்தால், பிந்தி எழும்பும் பின்பாகம் வேகமாக ஆடி முன்பாகத்தோடு சேர்ந்துகொள்கிறது, கார் தட்டையாகவே ஏறி இறங்குகிறது என்று கண்டார். அந்தப் பாடம் இன்றும் கார் வடிவமைப்பில் இருக்கிறது. சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடினால் ஊஞ்சலாட்டம் இயல்பாகவே குறையும். வண்டியின் எடை கூடினால் சக்கரத்தின் துள்ளல் உடலை எட்டுவதும் குறையும். உட்கார்ந்த மனித உடம்பு நொடிக்கு ஐந்து முறை வாக்கில் வரும் செங்குத்து அதிர்வில்தான் அதிகம் குலுங்குகிறது. நல்ல மென்மையான சஸ்பென்ஷன் காரின் கூட்டை நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறைதான் ஆட விடும். முதுகெலும்பின் வட்டுகள் வறண்டு மெலிந்த வயதில் இந்த வித்தியாசத்தை முதுகு உடனே கண்டுகொள்கிறது. இளைஞருக்கு 'படகு மாதிரி மிதக்கிறது' என்று சலிப்பூட்டும் அதே ஓட்டம் முதியவருக்கு வலியில்லாத ஒரு மணி நேரம்.

அமைதியையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வயதாகும்போது காது முதலில் இழப்பது கீச்சொலிகளை, அதாவது பேச்சில் ச, ஸ, த போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகளை. இரைச்சல் நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பதுதான் முதியவர்களுக்கு மிகவும் கஷ்டம். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் குறைந்த காரில் கணவனும் மனைவியும் கத்தாமல் பேசிக்கொண்டு போக முடிகிறது.

பாதுகாப்புக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் விஷயம் கனமாகிறது. அமெரிக்காவில் ஓட்டும் தூரத்தோடு ஒப்பிட்டால், நடுத்தர வயதினரைவிட முதியவர்கள் சாலையில் சாகும் விகிதம் மிக அதிகம். அவர்கள் மோசமாக ஓட்டுவதால் என்று நினைக்கத் தோன்றும். 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. கூடுதல் மரணங்களில் 60 முதல் 95 சதவீதம் வரை, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப, உடல் நொய்மையால் வந்தவை என்று அது கண்டது. அதே மோதல், அதே வேகம். இளைஞர் சிராய்ப்போடு எழுந்து போகிறார், முதியவரின் விலா எலும்புகள் முறிகின்றன. அவரைக் காப்பாற்றும் சீட் பெல்ட்டே நெஞ்செலும்பை உடைத்துவிடக்கூடும். இப்படிப்பட்டவருக்கு எடை கூடிய கார் என்ன செய்கிறது? 1,900 கிலோ காரும் 950 கிலோ காரும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், கனமான காரின் வேகம் சட்டென்று 33 கிலோமீட்டர் மாறுகிறது. லேசான கார் 67 கிலோமீட்டர் மாற்றத்தைத் தாங்குகிறது, பின்னோக்கித் தள்ளப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸில் நெடுங்காலம் ஆராய்ச்சி செய்த லெனர்ட் எவன்ஸ், பழைய விபத்துப் பதிவுகளை அலசி, ஒரு கார் மற்றதைவிட இரு மடங்கு கனமாக இருந்தால் லேசான காரின் டிரைவர் சாகும் வாய்ப்பு சுமார் 12 மடங்கு என்று கணக்கிட்டார். முதியவருக்கு இந்தக் கணக்குகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கீழே விழுந்தால் தன் எலும்பு உடையும் என்று தெரியும், தன்னைச் சுற்றி நிறைய இரும்பு இருப்பது நல்லது என்றும் தெரியும்.

இதுவரை சொன்னதை ஒருவர் மடக்கலாம். நான்கும் பெரிய காரில்தான் கிடைக்கும் என்றால், முதியவர்கள் விரும்புவது பெரிய காரைத்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, பிரித்துப் பார்ப்பானேன்? பொட்டலத்தைப் பிரித்து விற்றபோது என்ன நடந்தது என்று பார்த்தால் விடை தெரிகிறது. 1990-களில் ஃபோர்டு கம்பெனி இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஓர் உடுப்பைச் செய்தது. முழங்கால், முழங்கை, இடுப்பு ஆகியவற்றை விறைக்கவைக்கும் கட்டுகள், விரலின் தொடு உணர்வை மழுக்கும் கையுறை, மஞ்சள் படிந்த கண்ணாடி. இளம் வடிவமைப்பாளர்கள் இதை மாட்டிக்கொண்டு காரில் ஏறி இறங்கினார்கள். தங்கள் தாத்தாவின் முழங்காலை அவர்கள் சில நிமிடங்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். 1998-ல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் அதன் பயன். சிறிய கார்தான், ஆனால் கூரையும் சீட்டும் உயரம், கதவு அகலம். பிறகு அமெரிக்காவில் இன்னும் சுவையான ஒன்று நடந்தது. 2003 வாக்கில் ஹோண்டா எலிமென்ட், டொயோட்டாவின் சயான் எக்ஸ்பி என்று இரண்டு பெட்டி வடிவக் கார்கள் வந்தன. கல்லூரி மாணவர்களையும் கடற்கரை இளைஞர்களையும் குறிவைத்துத்தான் விளம்பரம் எல்லாம். வாங்க வந்தவர்களின் வயது கம்பெனிகள் நினைத்ததைவிட வெகு அதிகம். எலிமென்டுக்கு நடுத்தூண் இல்லை, கதவுகள் இரட்டைக் கதவு போல விரியத் திறக்கும், தரை சமதளம், சீட்டு இடுப்பளவு உயரம். குனியவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், அப்படியே நகர்ந்து உட்காரலாம். முதியவர்கள் தங்களுக்காகச் செய்யாத காரில் தங்களுக்கு வேண்டியதைக் கண்டுகொண்டார்கள். அது கிராண்ட் மார்க்குவிஸைவிட ஒரு மீட்டருக்கு மேல் குட்டை.

இன்னும் உறுதியான சாட்சி ஜப்பான். உலகிலேயே முதியோர் பங்கு மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று அது. பஸ் குறைந்துபோன கிராமங்களில் முதியவர்கள் கார் ஓட்டியே தீர வேண்டும். அவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் 'கேய்' என்ற குட்டிக் கார். சட்டப்படி 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி இன்ஜின், அதற்குமேல் போகக்கூடாது. வயதானால் பெரிய கார்தான் வேண்டும் என்பது உண்மையானால் ஜப்பானிய முதியவர்கள் வேறு மனிதர்களாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. 1993-ல் சுஸுகி கொண்டுவந்த வேகன் ஆர் நீளத்தில் சேமித்ததை உயரத்தில் கொடுத்தது. அதற்குப் பின்னால் வந்த கேய் கார்கள் இன்னும் உயர்ந்தன. தைஹாட்சு டான்டோவின் 2007 மாடலில் ஒரு பக்கத் தூணையே எடுத்துவிட்டு, பின்கதவை ரயில் பெட்டிக் கதவு போல நகரும்படி செய்தார்கள். ஜப்பானியக் கிராமத்துச் சந்துகள் குறுகல், அமெரிக்க நெடுஞ்சாலைகள் விசாலம். காரின் அளவைச் சாலை தீர்மானித்தது. சீட்டின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் முழங்கால் தீர்மானித்தது, இரண்டு நாடுகளிலும்.

மிகக் கடுமையான எதிர்வாதம் இனிமேல்தான் இருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு போக எனக்கு மனமில்லை. 2003 ஜூலை 16 அன்று கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் உழவர் சந்தைக்குள் ஒரு கார் புகுந்தது. 10 பேர் இறந்தார்கள், 60-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஓட்டியவருக்கு வயது 86. கார், 1992 பியூக் லெசேபர். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அவர் மிதித்ததே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. நொய்ந்த உடலைக் காக்கும் எடையே சாலையில் நடப்பவரைக் கொல்லும் எடையுமாகிறது. எவன்ஸின் கணக்கில் ஒருவருக்குக் குறையும் ஆபத்து இன்னொருவர் தலையில் விழுகிறது. இதை மறுக்க முடியாது. தாத்தாவின் உயிரைக் காக்க எதிரில் சின்னக் காரில் வருபவரின் உயிரைப் பணயம் வைப்பது நியாயமில்லை. ஆனால் இந்த வாதம் எடையை மட்டும்தான் தாக்குகிறது, மற்ற மூன்றையும் தொடவில்லை. எடைக்கும் இன்று மாற்று இருக்கிறது. ஏர்பேக், இழுவையை அளந்து தளர்த்தும் சீட் பெல்ட், தானே பிரேக் போடும் கருவி ஆகியவை நடுத்தர அளவுக் கார்களிலேயே வந்துவிட்டன. பெடல் மாறி மிதிக்கும் தவறு குட்டிக் கார்களிலும் நடக்கிறது, ஜப்பான் அதனால் பெரும் துயரங்களைக் கண்டிருக்கிறது. அவர்கள் தேடிய வழி, தவறாக மிதித்தாலும் பாயாத கார். தானியங்கி பிரேக்கும் பெடல் காப்பும் உள்ள காரை மட்டும் ஓட்டலாம் என்ற தனி லைசென்ஸை 2022 மே மாதம் முதல் அங்கே விரும்பியவர் பெறலாம்.

பெட்ரோல் செலவைச் சொல்வோரும் உண்டு. அந்தக் கேள்வி சின்னது, ஏனென்றால் முதியவர்கள் ஓட்டும் தூரமே குறைவு. இருபது வயதில் விழித்திரைக்குச் சேரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேர்கிறது. ஆகவே முதியவர்கள் இரவுப் பயணத்தை விடுகிறார்கள், தூரப் பயணத்தையும் குறைத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காரில் லிட்டருக்கு எத்தனை கிடைக்கிறது என்பது அவர்களுக்கு முதல் கவலை அல்ல. பெட்ரோல் செலவைவிட, உயரம் என்றால் எல்லா உயரமும் நல்லது என்று எடுத்துக்கொள்வதுதான் இன்று பெரிய தவறு. பெரிய எஸ்யூவியிலும் பிக்கப் வண்டியிலும் சீட்டு இடுப்புக்கு மேலே போய்விடுகிறது. படியில் ஏறிக் கைப்பிடியைப் பற்றித் தொங்க வேண்டியிருக்கிறது. தாழ்ந்த காரில் எழுவது கஷ்டம் என்றால் இங்கே இறங்கும்போது தரை எங்கே என்று காலால் துழாவ வேண்டும்.

நம் நாட்டில் முதியவர்கள் பெரும்பாலும் பின்சீட்டில் போகிறவர்கள் என்றாலும், உடம்பு சொன்ன கணக்கு மாறவில்லை. 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசடரில் பெரியவர்கள் விரும்பியது அந்த உயரமான, அகலமான பின்சீட்டைத்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தபோது அதன் தூக்கலான கூரையை விசித்திரமாகப் பார்த்தவர்கள் உண்டு. குனியாமல் ஏறலாம் என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்துபோயிற்று.

அமெரிக்காவில் முதியோர் அமைப்பான ஏஏஆர்பி, வாகன ஓட்டிகள் சங்கமான ட்ரிபிள் ஏ, ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் சங்கம் மூன்றும் சேர்ந்து 'கார்ஃபிட்' என்று ஒரு திட்டம் நடத்துகின்றன. வாகன நிறுத்தத்தில் முதியவர் தம் காரிலேயே உட்கார்ந்திருக்க, பயிற்சி பெற்றவர்கள் வந்து அளக்கிறார்கள். நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டர் இருக்கிறதா, கண் பார்வை ஸ்டியரிங்கின் மேல் விளிம்புக்கு 7.5 சென்டிமீட்டராவது மேலே போகிறதா, பெடலுக்குக் கால் எட்டி நீட்டாமல் போகிறதா. வயதாக ஆக உயரம் குறைவதால், பத்து ஆண்டுக்கு முன் பொருந்திய சீட்டு இன்று பொருந்தாமல் போயிருக்கும். அதனால்தான் இந்தச் சோதனையை நானும் முக்கியமாக நினைக்கிறேன். வாங்கும் முன்பே இதைச் செய்ய நினைப்பவர் ஷோரூமில் கேட்டுப் பார்க்கலாம். டிக்கியில் எத்தனை லிட்டர் இடம், தரைக்கும் அடிப்பகுதிக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, சக்கரத்தின் விட்டம் என்ன என்பதெல்லாம் விளம்பரத் தாளில் அச்சாகியிருக்கும். தரையிலிருந்து டிரைவர் சீட்டு எத்தனை உயரம் என்ற எண் பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்கு இஞ்சு டேப்பைக் கையோடு கொண்டுபோக வேண்டியிருக்கிறது.